டிரிப் ஓடியும் செடி வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய் டிரிப் சாமான் வாங்கி வந்து தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். கேரளாவின் மற்ற இடங்களை விட மழை குறைந்த ஓரம் இது. இங்கே சொட்டு நீர் போடுவது ஆடம்பரமல்ல, தேவை. ஆனால் மாட்டிய சில வாரத்திலேயே கேள்விகள் வந்துவிடுகின்றன. "அக்கா, பைப் ஓடுது, செடி காயுது", "கடைசி வரிசைக்குப் போகவே மாட்டேங்குது", "டைமர் கிளிக் சத்தம் வருது, தண்ணி வரல." பெரும்பாலானவர்கள் உடனே டிரிப்பர், அதாவது குழாயில் சொட்டு விடும் சின்ன முனை, மட்டமான சரக்கு என்று முடிவு செய்து புது டிரிப்பர் வாங்கப் போகிறார்கள். அந்தக் காசை முதலில் நிறுத்தி வையுங்கள்.

வீட்டு டிரிப்பில் கோளாறு வரும் இடங்கள் மூன்று: அழுத்தம், அடைப்பு, ஓட்டும் நேரம். எதில் கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், செடி வாடும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள்.

எதையும் கழற்றும் முன்: 15 நிமிட அளவு

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிரிப்பர், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்றின் கீழும் பாத்திரம் வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். பாத்திரம் நிற்க இடமில்லை என்றால் சின்னக் குழி பறித்து ஒரு டப்பாவை இறக்குங்கள். குழாயைத் தூக்கிப் பிடித்து அளக்கக் கூடாது. டிரிப்பர் இருக்கும் உயரம் மாறினால் வரும் தண்ணீரும் மாறும்.

4 லிட்டர் டிரிப்பர் என்றால் மணிக்கு 4 லிட்டர். பெட்டியில் போட்டபடி என்றால் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் வர வேண்டும்; மாடித் தொட்டியில் இதை விடக் குறையும், கணக்கு கீழே. 2 லிட்டர் டிரிப்பருக்கு அரை லிட்டர், 8 லிட்டர் டிரிப்பருக்கு இரண்டு லிட்டர்.

அளந்த பிறகு பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரிக் குறைவு என்றால் அழுத்தம். வரிசையாகக் குறைந்துகொண்டே போனால் குழாய் அமைப்பு. ஒன்றில் நிறைய, ஒன்றில் கொஞ்சம், ஒழுங்கே இல்லை என்றால் அடைப்பு. மூன்றும் சரியாக இருந்தும் செடி வாடினால் மண்ணையும் டைமரையும் பார்க்க வேண்டும்.

"எல்லாத்துலயும் மெதுவாத்தான் வருது"

பெட்டியில் 4 லிட்டர் என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்தில் வரும் அளவு. 1 பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர். நம் வீட்டு மாடித் தொட்டி தரையிலிருந்து 3, 4 மீட்டரில்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் அதே கணக்கில் குறையாது, வர்க்கமூலக் கணக்கில் குறையும். 3 மீட்டர் உயரத்தில் 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2.2 லிட்டர் அளவுக்குத் தரும். அதாவது 15 நிமிடத்தில் 550 மில்லி. உங்கள் டப்பாவில் இவ்வளவு வந்திருந்தால் கோளாறு எதுவும் இல்லை. நேரத்தைக் கூட்டினால் போதும்.

மொட்டை மாடித் தோட்டத்தில் நிலைமை வேறு. ஒரு மீட்டர் ஸ்டாண்டின் மேல் தொட்டி, தொட்டிக்குள் ஒரு மீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது உயரம் 2 மீட்டர், காலியாகும் நேரத்தில் 1 மீட்டர். நிறைந்த தொட்டியில் வரும் தண்ணீர் அடித்தொட்டியில் வருவதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தொட்டி தாழ்வாக இருக்கும் மாடித் தோட்டத்தில் நேற்று வந்த அளவு இன்று வரவில்லை என்றால் முதலில் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்த பிறகு டிரிப் ஓடும்படி நேரத்தை வைத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். தரையில் தோட்டம், தொட்டி மாடியில் என்றால் இந்த வித்தியாசம் பத்து சதவீதம் போலத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

உயரத்துக்கு வர வேண்டியதை விடவும் குறைவாக வந்தால், லைனின் கடைசியில் இருக்கும் எண்ட் கேப்பைக் கழற்றி விடுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. திறந்த முனையில் தண்ணீர் நன்றாகப் பாய்கிறது என்றால் குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறது, டிரிப்பர்கள்தான் விடவில்லை. ஒன்று எல்லாம் அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை அழுத்தம் சமன் செய்யும் வகை டிரிப்பராக இருக்க வேண்டும். பம்பில் ஓடும் பெரிய தோட்டத்துக்கு அந்த வகை அருமையானது. தொட்டித் தண்ணீரின் அழுத்தத்தில் அது ஒழுங்காக வேலை செய்யாது. கடையில் விலை கூடுதலாக இருப்பதால் நல்ல சாமான் என்று வாங்கி வந்து ஏமாறுபவர்கள் நிறைய. மாடித் தொட்டிக்கு சாதாரண டிரிப்பரே கேட்டு வாங்குங்கள்.

திறந்த முனையிலும் தண்ணீர் ஒழுகத்தான் செய்கிறது என்றால் கோளாறு மேலே இருக்கிறது. பில்டரின் உள்ளே இருக்கும் வலையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பாய்ச்சல் வந்தால் வலையில் அழுக்கு. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மறுபடி போடுங்கள். வலை இல்லாமல் ஒரு நாள் கூட ஓட்டாதீர்கள். வீட்டுக்கு 120 மெஷ் பில்டர் சரியாக இருக்கும்.

பில்டரும் சுத்தம் என்றால், குழாய் எங்காவது மேலே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டவோ கதவு நிலையைச் சுற்றவோ குழாயை மேலே வளைத்திருப்பார்கள். அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். எண்ட் கேப்பைத் திறந்து வைத்து, வால்வை முழுதாகத் திறந்து, காற்று குமிழியிட்டு வெளியேறும் வரை விடுங்கள். மறுபடி மறுபடி வந்தால் அந்த மேட்டில் ஒரு காற்றுப்போக்கி வைப்பதே நிரந்தர வழி. குளியலறைக்குப் போகும் அரை இஞ்ச் லைனிலிருந்து இணைப்பு எடுத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். யாராவது குளிக்கும்போது தோட்டத்தில் சொட்டு நின்றுபோகும். தொட்டியிலிருந்து தனி லைன் எடுங்கள், முடிந்தால் ஒரு இஞ்ச்சில்.

"முதல் செடிக்குக் கொட்டுது, கடைசிச் செடிக்கு இல்ல"

திருகித் திறக்கும் அட்ஜஸ்டபிள் டிரிப்பர் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். முழுதாகத் திறந்தால் ஒன்றே பத்து சாதாரண டிரிப்பர் குடிக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். தொட்டி அருகில் இரண்டு திறந்திருந்தால் பின்னால் எதுவும் மிஞ்சாது. தொட்டி அழுத்தத்தில் ஓடும் லைனில் இவற்றைப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. தினம் யாராவது ஒருவர் திருகிக்கொண்டே இருப்பார்கள், அளவு என்று ஒன்று நிலைக்காது.

அடுத்தது உயரம். சில வளர்ப்புப் பைகள் தரையில், சில பைகள் இரும்பு ஸ்டாண்டில் என்றால் ஒரே லைன் இரண்டுக்கும் சமமாகத் தராது. தொட்டி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் பையை விட, முக்கால் மீட்டர் கீழே இருக்கும் பைக்கு முப்பது சதவீதம் குறைவாகப் போகும். ஸ்டாண்டுக்குத் தனி லைன், தனி வால்வு கொடுங்கள். அது முடியாவிட்டால் ஸ்டாண்டில் இருக்கும் பைக்கு இரண்டு டிரிப்பர்.

இரண்டும் இல்லை என்றால் லைன் நீளம். ஒரு முனையில் மட்டும் தண்ணீர் ஏறி, பாம்பு போல வளைந்து எல்லாப் பையையும் தொடும் ஒரே 16 எம்எம் குழாய்தான் பல வீடுகளில் இருக்கிறது. கடைசி முனையை மூடாமல், அதைக் கொண்டுவந்து ஆரம்பத்தில் ஒரு T வடிவ இணைப்பு போட்டு இணைத்து வட்டமாக்குங்கள். இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும், கடைசி என்ற இடமே இருக்காது. கழுவி விடுவதற்கு எதிர் முனையில் ஒரு சின்ன வால்வு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"சிலது வருது, சிலது நின்னு போச்சு"

அடைப்பு. கழற்றி உள்ளே பாருங்கள், நிறம் சொல்லிவிடும்.

வெள்ளைப் பொருக்கு என்றால் சுண்ணாம்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான் டிரிப்பரின் வாயிலும் படிகிறது. தண்ணீர் நின்று, வாயில் இருக்கும் கடைசிச் சொட்டு வெயிலில் காயும்போது இது நடக்கிறது. டிரிப்பர்களைக் கழற்றி, வினிகரிலோ, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரிலோ ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் நன்றாகக் கழுவி மாட்டலாம். குத்தூசி விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அந்த டிரிப்பரை மறுபடி நம்ப முடியாது. ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரக் கூடாது. விஷவாயு வரும். ஒரே பக்கெட்டில் மட்டுமல்ல, ஒரே நாளில் ஒரே குழாயிலும் இரண்டையும் விட வேண்டாம்.

பச்சையாகவோ வழவழப்பாகவோ இருந்தால் பாசி. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். தொட்டி மூடி சரியாக மூடியிருக்கிறதா, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் குழாய் எங்காவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். டிரிப்பரை மட்டும் கழுவினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். கறுப்புக் குழாய்க்கு மாறி, தொட்டியைத் தேய்த்துக் கழுவினால்தான் தீரும். வாய்க்கால் தண்ணீரைக் குட்டையில் தேக்கி அதிலிருந்து ஓட்டுபவர்களுக்கு இது எப்போதும் இருக்கும் தொல்லை. பம்பின் உறிஞ்சுகுழாய் அடியையும் தொடாமல் மேல்மட்டத்தையும் தொடாமல் நடுவில் நிற்கட்டும்.

செம்பழுப்புக் கூழ் என்றால் இரும்பு. தண்ணீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு ராத்திரி தெளிய வைத்து, அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருந்து எடுங்கள்.

எறும்பு, மண் துகள் என்றால் டிரிப்பர் மண்ணில் புதைந்திருக்கிறது. தண்ணீர் நிற்கும்போது குழாய் காலியாகி, உள்ளே இழுக்கும். வாய் மண்ணைத் தொட்டிருந்தால் சேற்றையும் இழுத்துக்கொள்ளும். விரல் அகலத்துக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள்.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் எதையும் டிரிப் தொட்டியில் ஊற்றாதீர்கள். எவ்வளவு வடிகட்டினாலும் போதாது. நல்ல சத்துதான், கையால் ஊற்றுங்கள். டிரிப்பில் விட வேண்டுமென்றால் முழுதாகக் கரையும் உரம் மட்டும். அதிலும் கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உரத்தோடு ஒரே வாளியில் கலக்கக் கூடாது. சேர்ந்து சுண்ணாம்புக் கல் போலப் படிந்துவிடும். உரம் விட்ட பிறகு வெறும் தண்ணீர் பத்து நிமிடம் ஓடட்டும்.

"தண்ணி சரியா வருது, ஆனா செடி வாடுது"

வளர்ப்புப் பை என்றால் பையைத் தூக்கிப் பாருங்கள். கீழே தண்ணீர் ஒழுகியிருக்கும், பை கனமில்லாமல் இருக்கும். தேங்காய் நார்த்தூள் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. சொட்டுத் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து நேராகக் கீழே போய்விடும், வேர்க்கட்டு காய்ந்தே கிடக்கும். பையை ஒரு பெரிய பக்கெட்டில் வைத்துக் குமிழி நிற்கும் வரை நனைய விடுங்கள். பிறகு ஒரே தடவையில் ஓட்டாமல் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்து ஓட்டுங்கள்.

தரைத் தோட்டம் என்றால் மண்ணைப் பாருங்கள். இந்தக் கிழக்குப் பகுதியில் கரிசல் இருக்கிறது, நாலு வீடு தள்ளினால் மணல் கலந்த செம்மண். கரிசலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவும், நாள் பிடித்து நிற்கும். தினம் ஓட்டினால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகி, செடி தண்ணீர் இல்லாதது போலவே வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விட்டுக் கொல்பவர்கள் அதிகம். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் விட வேண்டாம். மணல் பாங்கான மண்ணில் தண்ணீர் நேராக இறங்கும். அங்கே ஒரு செடிக்கு ஒரு டிரிப்பர் போதாது; இரண்டு, நெருக்கமாக.

எவ்வளவு நேரம் ஓட்டுவது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். பாலக்காட்டுக் கோடையில் செடியும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் இழப்பது சுமார் 5, 6 மில்லிமீட்டர். காய்க்கும் தக்காளி 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் பரந்திருந்தால் 0.3 சதுர மீட்டர். ஆக ஒன்றரையிலிருந்து 1.8 லிட்டர். உங்கள் டிரிப்பர் மணிக்கு 2.2 லிட்டர் தருகிறது என்று அளந்திருந்தால், 50 நிமிடம். காலை ஆறு மணிக்கு 25, சாயங்காலம் 25 என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் தளத்தின் சூடும் சேரும், கொஞ்சம் கூட்ட வேண்டும். நாற்று சின்னதாக இருக்கும்போது இதில் கால் பங்கு போதும்.

வாழையையும் மிளகாயையும் ஒரே லைனில் வைக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொட்டு நீர் வாழைக்குச் சொல்வது, நட்டதிலிருந்து நாலாம் மாதம் வரை தினம் 15 லிட்டர், குலை தள்ளும் வரை 20, பிறகு 25. 2.2 லிட்டர் தரும் ஒரே டிரிப்பரில் 15 லிட்டர் விட ஏழு மணி நேரம் ஆகும். அதற்குள் பக்கத்து மிளகாய் அழுகிவிடும். வாழைக்குத் தனி லைன், 8 லிட்டர் டிரிப்பர் இரண்டு. அதே தொட்டி உயரத்தில் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி இந்த ஊருக்கே உரிய விஷயம். கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று வர ஆரம்பிக்கிறது. மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்வார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அடிக்கும் இந்தக் காற்று வறண்டது. குளிர் காலம் என்று நினைத்து எல்லோரும் டைமரில் நேரத்தைக் குறைக்கிறார்கள். தை மாதத்தில் இலை ஓரம் கருகி வந்து நிற்கிறது. அப்போது நோய் என்று மருந்து தெளிக்கிறார்கள். காற்று அடிக்கும் நாட்களில் கோடை அளவைக் குறைக்காமல் வையுங்கள். பையைத் தூக்கிப் பார்த்துக் கனம் இருந்தால் மட்டும் குறையுங்கள். கிழக்குப் பக்கம் ஒரு நிழல்வலை கட்டினால் காற்று உடையும். சருகு மூடாக்கு பறந்துவிடும் என்பதால் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வேரைச் சுற்றிக் கவிழ்த்து வையுங்கள், அசையாது.

டைமர் தொல்லைகள்

"கிளிக் சத்தம் வருது, தண்ணி வரல" அல்லது "மூடின பிறகும் சொட்டிக்கிட்டே இருக்கு" என்றால் பெரும்பாலும் உங்கள் டைமர் சோலனாய்டு (மின்காந்த வால்வு) வகை. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு திறந்து மூடத் தண்ணீரின் அழுத்தமே உதவ வேண்டும். மாடித் தொட்டியில் அந்த அழுத்தம் கிடையாது. பால் வால்வை (உள்ளே துளையிட்ட உருண்டை சுற்றும் வால்வு) திருப்பித் திறக்கும் டைமர் வாங்குங்கள். அது அழுத்தம் இல்லாமலும் வேலை செய்யும். வாங்கும்போது மாடித் தொட்டிக்கு என்று சொல்லியே கேளுங்கள். பால் வால்வு டைமரும் மூடாமல் நின்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். திறக்கும் அளவுக்கு இருந்த சக்தி மூடும் நேரத்தில் தீர்ந்திருக்கும், தொட்டி முழுதும் காலியாகிவிடும்.

பம்பை ஓட்டும் ப்ளக் டைமர், வட்டத் தகடு சுற்றும் வகை, கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் காலை ஆறு மணித் தண்ணீர் எட்டு மணிக்கு. இப்படி மூன்று, நாலு முறை நடந்தால் நடுமதியத்தில் வெயிலில் காய்ந்த குழாயின் சுடுதண்ணீர் வேரில் விழும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் இந்தத் தொல்லை தராது.

குழாய் கழன்று விழுவது, கடிபடுவது

மோட்டாரிலிருந்து நேராக ஓட்டினால் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். இருபது டிரிப்பர் ஒரு மணியில் குடிப்பது 80 லிட்டர். ஒரு எச்பி மோட்டார் அதைச் சில நிமிடத்தில் தள்ளிவிடும். மிச்சத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்படி ஒரு பைபாஸ் வால்வு வையுங்கள். அணிலும் எலியும் கோடையில் தண்ணீருக்காகவே குழாயைக் கடிக்கின்றன; ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கடி குறையும். கடித்த இடத்தை வெட்டி ஒரு ஜாயினர் போடுங்கள், டேப் சுற்றினால் நிற்காது.

மழைக்காலத்தில் இலை மஞ்சளாவது

ஜூனில் மழை பிடித்ததும் டைமரை நிறுத்தாத வீடுகளில் அடி இலை மஞ்சளாகும், பையின் மேல் பாசி பிடிக்கும். நிறுத்திவிடுங்கள். ஆனால் கூரையின் கீழ், சன்ஷேடின் கீழ் இருக்கும் பைகளை மறக்க வேண்டாம். மழை அவற்றைத் தொடாது. அவற்றுக்கு மட்டும் தனி வால்வில் தண்ணீர் போகட்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால் எண்ட் கேப்பைத் திறந்து குழாயை முழுக்க வடியவிட்டு, பில்டர் வலையைக் கழுவிக் காயவைத்து, டைமரின் பேட்டரியை எடுத்து வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும்.